முதல் பேஸுக்கு எந்தப் பக்கமாக ஓடுவது?

அன்புள்ள அம்மா,

டல்லாஸ் பக்கம் இருக்கிறோம். என் மகளுக்கு 11 வயது, பேஸ்பால் மாதிரியான சாஃப்ட்பால் ஆடுகிறாள். போன சனிக்கிழமை பந்தை மெல்லத் தட்டிவிட்டு, அடித்தவர் முதலில் ஓடித் தொடவேண்டிய முதல் பேஸுக்கு ஓடினாள். பேட்டருக்குப் பின்னால் நிற்கும் கேட்சர் எறிந்த பந்து அவள் முதுகில் பட்டு எங்கோ போனது. அம்பயர் அவுட் கொடுத்துவிட்டான். முதல் பேஸுக்குப் போகும் கோட்டுக்கு உள்பக்கமாக, மைதானத்துக்குள் ஓடினாளாம். பேஸே உள்பக்கம்தானே இருக்கிறது? நேராக ஓடுவது குற்றமா? வேலி ஓரம் போய்ச் சத்தம் போட்டேன், பலனில்லை. வீடியோ பார்த்து முடிவு சொல்ல இவர்களுக்கு என்ன கேடு? கிரிக்கெட்டில் இந்தக் கூத்தெல்லாம் கிடையாது. இனி அவளை ஆட அனுப்புவதா என்றே யோசிக்கிறேன். நீங்கள் பேஸ்பால் பார்ப்பவர் என்பதால் கேட்கிறேன்.

ர.

அன்புள்ள ர.,

‘கொடுத்துவிட்டான்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் அம்பயர் ஒரு பையன். பிள்ளைகள் ஆடும் ஆட்டத்தில் பல ஊர்களில் உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகள்தான் அம்பயராக நிற்கிறார்கள், கைச்செலவுக்குக் கொஞ்சம் காசு கிடைக்கும் என்று. நாற்பது வயது மனிதர் வேலியைப் பிடித்துக்கொண்டு பதினாறு வயதுப் பையனைப் பார்த்துக் கத்தியிருக்கிறீர்கள். அதை ‘சத்தம் போட்டேன்’ என்று இரண்டே வார்த்தையில் கடந்தும் போய்விட்டீர்கள். உங்கள் மகள் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாளா இல்லையா?

கிரிக்கெட்டில் இல்லையா? 2024 மே மாதம் சேப்பாக்கத்தில் ஜடேஜா எப்படி அவுட் ஆனார்? இரண்டாவது ரன்னுக்குப் போய்த் திரும்பி ஓடும்போது சஞ்சு சாம்சன் எறிந்த பந்துக்குக் குறுக்கே வந்தார் என்று அனுப்பிவிட்டார்கள். சரி, கிரிக்கெட்டை விடுங்கள்.

உங்கள் கடிதத்தில் ஒரே ஒரு வரி என்னைத் தூங்கவிடவில்லை. ‘பேஸே உள்பக்கம்தானே இருக்கிறது?’ இதே கேள்வியை 2019 அக்டோபர் 29 இரவு என் மாப்பிள்ளை டிவியைப் பார்த்துக் கத்தினார். அப்போது மேரிலண்டில் மகள் வீட்டில் இருந்தேன். பேஸ்பால் சாம்பியனை முடிவுசெய்யும் உலகத் தொடரின் (வேர்ல்டு சீரிஸ்) ஆறாவது ஆட்டம், ஹூஸ்டனில். ஏழாவது இன்னிங்ஸ், வாஷிங்டன் 3, ஹூஸ்டன் 2. முதல் பேஸில் வாஷிங்டனின் யான் கோம்ஸ். அதே அணியின் ட்ரே டர்னர் அடித்த பந்து சும்மா உருண்டு போனது. ஹூஸ்டனுக்குப் பந்து வீசும் பிட்சர் பிராட் பீகாக் எடுத்து எறிந்தார். பந்து, முதல் பேஸில் அதை வாங்க நின்ற குரியெலின் கையுறை, டர்னரின் கால் எல்லாம் ஒரே நொடியில் பேஸுக்கு வந்து சேர்ந்தன. கையுறை கழன்று பறந்தது, பந்து ஓடிப்போனது. இரண்டாவது பேஸிலும் மூன்றாவது பேஸிலும் ஆள் என்று மாப்பிள்ளை எழுந்து நின்றுவிட்டார். பேட்டர் நிற்கும் ஹோம் ப்ளேட்டின் அம்பயர் சாம் ஹோல்ப்ரூக், டர்னர் அவுட் என்றார். கோம்ஸும் முதல் பேஸுக்கே திரும்பினார். வாஷிங்டன் அணியை நடத்தும் மேனேஜர் டேவ் மார்ட்டினெஸ் குதித்த குதியில் அவரையும் மைதானத்தைவிட்டு அனுப்பினார்கள். நீங்கள் கேட்கும் வீடியோ அங்கே இருந்தது. அம்பயர்கள் நிமிடக்கணக்கில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு நின்றார்கள். அம்பயரின் கணிப்பில் விட்ட விஷயம், மறுபரிசீலனைக்கு இடமில்லை என்று முடிந்தது. வீடியோ பற்றி இவ்வளவு போதும்.

எனக்கு விளங்கவில்லை என்றதும் மாப்பிள்ளை கம்பளத்தில் நாலு டவராவை வைத்து மைதானம் போட்டார். ‘இங்க நில்லுங்க அத்தை, நீங்க வலக்கை பேட்டர்’ என்றார். வலக்கைக்காரர் ப்ளேட்டுக்கு இடப்பக்கம் நிற்கவேண்டும். அங்கிருந்து முதல் டவராவுக்கு நேராக நடந்தால் கால் முழுக்கக் கோட்டுக்கு உள்ளேதான் போகிறது. ஆனால் 90 அடியில் பின்பாதி 45 அடிக்கு ஒரு சந்து போட்டு வைத்திருக்கிறார்கள். 3 அடி அகலம், முழுக்கக் கோட்டுக்கு வெளியே. அதற்குள் ஓடாமல், பேஸில் பந்தை வாங்குகிறவருக்கு இடைஞ்சலாக வந்தாய் என்று அம்பயர் நினைத்தால் அவுட். பேஸோ முழுக்க உள்ளே. கடைசிக் காலடியில் சந்திலிருந்து தாவித் தொட்டுக்கொள்ளலாம் என்று ஒரு சலுகை. தெருவில் வீடே இல்லை, தெருக்கோடியில் சுவரேறிக் குதித்து வீட்டுக்குள் போ என்கிற மாதிரி.

இது எப்படி வந்தது தெரியுமா? 1880களில் அந்தச் சந்து போட்டபோது முதல் பேஸ் பாதி உள்ளே, பாதி வெளியே எனக் கோட்டின் மேலேயே உட்கார்ந்திருந்தது. அதே பத்தாண்டுக்குள் பேஸை உள்ளே நகர்த்திவிட்டார்கள். சந்து மட்டும் பழைய இடத்திலேயே நின்றுவிட்டது. அவ்வளவுதான் கதை. அப்புறம் நூற்றுமுப்பது வருடத்துக்கு மேல் அது அப்படியே கிடந்தது.

சில சமயம் அந்தக் கோடு யார் கண்ணிலும் படாது. 1969 அக்டோபர் 15, நியூயார்க் ஷே ஸ்டேடியத்தில் உலகத் தொடர் ஆட்டம், பத்தாவது இன்னிங்ஸ். நியூயார்க் மெட்ஸ் அணியின் ஜே.சி. மார்ட்டின் பந்தைத் தட்டிவிட்டு ஓடினார், எறி அவர் மணிக்கட்டில் பட்டுத் தெறித்தது, ராட் காஸ்பர் வந்து வெற்றி ரன்னைச் சேர்த்தார். மார்ட்டின் கோட்டுக்கு உள்ளே ஓடியது புகைப்படத்தில் பிறகு தெரிந்தது. அன்று அம்பயர் ஷாக் க்ராஃபர்ட் வாய் திறக்கவில்லை. எதிரணி மேனேஜர் ஏர்ல் வீவர் வந்து சண்டை பிடித்திருப்பார், ஆனால் அவரை அதே அம்பயர் மூன்றாவது இன்னிங்ஸிலேயே வெளியே அனுப்பியிருந்தார்!

க்ராஃபர்ட் நல்லவர், ஹோல்ப்ரூக் கெட்டவர் என்பீர்கள். நான் ஹோல்ப்ரூக் பக்கம். மாப்பிள்ளை என்னோடு இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை, போகட்டும்.

என் அப்பா பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டர். சடுகுடுப் போட்டிக்கு முதல் நாள் சாயங்காலம் சுண்ணாம்பில் கோடு போடுவார். கயிற்றின் ஒரு முனை முளைக்குச்சியில், மறுமுனை என் கையில். எனக்கு அப்போது ஒன்பது வயது. ஒரு தடவை கொசு கடித்ததில் கயிற்றைத் தளர விட்டுவிட்டேன். கோடு ஓரிடத்தில் நாலு விரல்கடை உள்ளே வளைந்துபோனது. இருட்டில் அவர் கவனிக்கவில்லை, நான் சொல்லவில்லை. மறுநாள் வெளியூர்ப் பையன் ஒருவன் பாடிக்கொண்டு வந்து சரியாக அந்த வளைவில் கோட்டைத் தாண்டிக் கால் வைத்தான். அப்பா விசில் ஊதி அவுட் கொடுத்தார். கோடு கோணல் என்று அந்த ஊர்க்காரர்கள் மண்ணை வாரி இறைத்தார்கள். அப்பா குனிந்து பார்த்தார். ‘கோணல்தான். ஆனா ரெண்டு பேருக்கும் இதே கோடுதான் காலையிலிருந்து’ என்றார். தீர்ப்பை மாற்றவில்லை. அன்று சாயங்காலம் சட்டையில் மண்ணோடு தனியாகப் போய்க் கோட்டை அழித்துப் போட்டார். கயிறு பிடிக்க என்னைக் கூப்பிடவில்லை. மறுமுனைக்கும் ஒரு முளை அடித்துக்கொண்டார்.

அமெரிக்கக்காரர்களுக்கு அந்தச் சாயங்காலம் 2024இல்தான் வந்தது. கோட்டுக்கும் உள்ளே இருக்கிற புல்லுக்கும் நடுவில் உள்ள மண்ணையும் சந்தோடு சேர்த்துவிட்டார்கள். மண்ணின் அகலம் 18 முதல் 24 அங்குலம் இருக்கவேண்டும் என்று விதி. இப்போது உச்சமட்டத் தொழில்முறை ஆட்டமான மேஜர் லீகில் டர்னர் மாதிரி வலக்கைக்காரர்கள் மண்ணில் நேராக ஓடலாம். நூற்றாண்டுத் தகராறைப் புல்வெட்டிக்காரர்கள் சரிசெய்தார்கள். டர்னர் அவுட்டான அன்று வாஷிங்டனுக்கு ஒன்றும் குடி முழுகிவிடவில்லை. அதே இன்னிங்ஸில் ஆன்டனி ரெண்டன் ஹோம் ரன் அடித்தார், 7க்கு 2 என்று ஜெயித்து, மறுநாள் கோப்பையையும் தூக்கினார்கள்.

உங்கள் லீகில் பழைய சந்துதானா, அகலமான புதிய சந்தா என்று விதிப்புத்தகத்தில் பாருங்கள். சாஃப்ட்பாலில் பல இடங்களில் வெள்ளை பேஸை ஒட்டி வெளிப்பக்கம் ஆரஞ்சு நிறத்தில் இன்னொரு பேஸ் வைக்கிறார்கள், ஓடுகிறவர் அதைத் தொட்டால் போதும். அது இருந்தால் உங்கள் மகள் கோட்டுக்கு வெளியிலேயே ஓடி அதைத் தொட்டுவிடலாம். இல்லாவிட்டால் லீகுக்கு எழுதிக் கேளுங்கள். அங்கே காட்டுங்கள் உங்கள் தொண்டையை. ஆட அனுப்புவதா என்று கேட்டிருந்தீர்கள். இதெல்லாம் ஒரு கேள்வியா? முதுகில் பட்ட இடத்தில் ஐஸ் வைத்தீர்களா?

அடுத்த சனிக்கிழமையும் அந்தப் பையன்தான் நிற்பான் என்று நினைக்கிறேன். போய்ப் பேசிவிட்டு எழுதுங்கள்.

அன்புடன்.