அப்பாவின் மொறிஸ் மைனருக்கு ஜப்பான் எஞ்சின் வேண்டுமா?

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. அப்பா 1960இல் வாங்கிய மொறிஸ் மைனர் 1000 எங்கள் வளவுக் கொட்டிலில் நிற்கிறது. அப்பா காலமாகி ஆறு வருடம். அதன் பிறகு ஒருவரும் அதைத் தொடவில்லை. நான் கார் ஓடப் பழகியதும் அதில்தான். பின்னேரத்தில் அப்பா ஒழுங்கைக்குள் திரும்பும்போது அது போடும் ‘பர்ர்ர்’ சத்தத்தைக் கேட்டுத்தான் அம்மா தேத்தண்ணிக்குக் கேத்தில் வைப்பா. அதைத் திரும்ப ஓட வேண்டும் என்று ஆசையாக இருக்கிறது. கராஜ்காரத் தம்பி, “பழசைக் கழட்டிப்போட்டு ஜப்பான் எஞ்சின் போடுங்கோ ரீச்சர், அப்பதான் நிம்மதி” என்கிறார். ரொறன்ரோவில் இருக்கும் மகன், கொழும்புத் தரகருக்கு வித்துவிடுங்கோ என்கிறான். நான் என்ன செய்ய?
– பெயர் வேண்டாம், சாவகச்சேரி

பதில்: விற்க வேண்டாம். எஞ்சினையும் மாற்ற வேண்டாம்.

உங்கள் கடிதத்தில் நீங்கள் காரின் நிறத்தைக்கூட எழுதவில்லை, அந்தச் சத்தத்தை எழுதியிருக்கிறீர்கள். அக்சிலேற்றரிலிருந்து காலை எடுத்ததும் மைனரின் பின்பக்கத்திலிருந்து வரும் அந்தப் ‘பர்ர்ர்’, 948 சிசி ஏ சீரிஸ் எஞ்சினும் அதன் புகைக்குழாயும் சேர்ந்து போடுவது. ஜப்பான் எஞ்சின் போட்ட மைனர் வெளிப்பார்வைக்கு மைனர்தான். ஆனால் ஒழுங்கை முடக்கில் அது சத்தமில்லாமல் திரும்பும். ஐந்து கியரும் சுகமான ஓட்டமும் கிடைத்த பிறகு, என்னவோ குறைகிறதே என்று நீங்கள் தேடுவீர்கள்.

கராஜ்காரத் தம்பியில் பிழையில்லை. தினமும் கிளிநொச்சிக்குப் போய்வர வேண்டும், மாதம் இருமுறை கொழும்புக்கு ஓட வேண்டும் என்றால் நானும் அவர் சொல்வதையே சொல்லியிருப்பேன். எஞ்சின் இலக்கம் மாறினால் பதிவுப் புத்தகத்திலும் திருத்த வேண்டிவரும், அதையும் அவரிடம் கேளுங்கள். உங்கள் ஓட்டம் சந்தைக்கும் கோயிலுக்கும்தானே? அதற்கு அந்தப் பழைய எஞ்சின் தாராளம்.

இந்தக் கார் எவ்வளவு யோசித்துச் செய்யப்பட்டது என்பதையும் சொல்ல வேண்டும். 1948இல் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் இது முதன்முதலாக வெளிவந்தது. வடிவமைத்தவர் அலெக் இஸிகோனிஸ், பின்னாளில் மினி காரைத் தந்தவரும் அவர்தான். முன்மாதிரி வண்டி அகலம் போதாமல் ஒடுங்கித் தெரிகிறதே என்று அதை நடுவால் வெட்டி நான்கு அங்குலம் அகட்டிப் பார்த்திருக்கிறார். உங்கள் காரின் போனற் நடுவே மேலிருந்து கீழாகத் தட்டையாக ஒரு பட்டி ஓடும், போய்த் தடவிப் பாருங்கள். அந்த நான்கு அங்குலத்தின் அடையாளம் அது. 1971இல் உற்பத்தி நின்றபோது பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட மைனர்கள் தெருவுக்கு வந்திருந்தன. இங்கே 60களில் இறக்குமதிக் கட்டுப்பாடு வந்ததால், இருந்த மைனரையும் ஒஸ்ரின் ஏ போட்டியையும் திருத்தித் திருத்தி ஓடுவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. அப்படித்தான் இந்த வண்டிகளின் உள்ளும் புறமும் அறிந்த மெக்கானிக்மார் ஊருக்கு ஊர் உருவானார்கள்.

ஒன்றை நீங்கள் எழுதவில்லை. 90களில் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் தடைப்பட்டிருந்த காலத்தில் அப்பா இதை ஓடினாரா? ஓடியிருந்தால் இது கட்டாயம் மண்ணெண்ணெய் குடித்திருக்கும். காபரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டு ஸ்ரார்ட் பண்ணி, எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓடினார்களே! எரியாமல் மிஞ்சிய மண்ணெண்ணெய் கீழே இறங்கி எஞ்சின் ஒயிலை நீர்த்துப்போகச் செய்யும், ரிங்குகளும் பெயாரிங்குகளும் தேயும், தலைப்பக்கத்தில் கரி படியும். ஆகவே, கீழே சொல்கிறபடி எஞ்சினைக் கையால் சுற்றி இளக்கிய பிறகு, கொம்பிறஷன், அதாவது சிலிண்டருக்குள் இருக்கும் அழுத்தம், பார்க்கச் சொல்லுங்கள். நான்கு சிலிண்டரும் குறையாமல், ஏறக்குறைய ஒரே அளவு காட்டினால் எஞ்சினைப் பிரிக்கவே தேவையில்லை. ஒன்று மட்டும் மிகவும் குறைந்து நின்றால் ஹெட்டைக் கழற்றிப் பார்க்கத்தான் வேண்டும். அதற்கும் எஞ்சினை மாற்றுவதற்கும் வெகுதூரம்.

ஆறு வருடம் நின்ற வண்டிக்கு உடனே பற்றரி போட்டுச் சாவியைத் திருப்ப விடாதீர்கள். பிளக் நான்கையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் கொஞ்சம் எஞ்சின் ஒயில் விட்டு, ஒரு நாள் ஊறவிட்டு, முன்னால் ஹான்டில் போட்டுக் கையால் சுற்ற வேண்டும். ராங்கியில் கிடக்கும் பழைய பெற்றோல் முழுவதையும் இறக்கிவிடுங்கள். பற்றரி பூட்டும்போது பக்கத்திலேயே நில்லுங்கள்: மைனரில் பற்றரியின் நேர்முனைதான் காரின் பொடியில், அதாவது உடல் தகட்டில், பூட்டப்படும். இன்றைய கார்களில் பழகிய பொடியன் பழக்கதோஷத்தில் மாற்றிப் பூட்டிவிடுவான்.

அதன் பிறகு சாவியைத் திருப்பினால், ஸ்ரார்ட் ஆவதற்கு முன்பே போனற்றுக்குள் ‘டிக் டிக் டிக்’ என்று கேட்க வேண்டும். அது எஸ்யூ பெற்றோல் பம்ப். காபரேற்றர் நிறைந்ததும் அடிப்பது குறைந்து நிற்கும். நிற்காமல் வேகமாக அடித்துக்கொண்டே இருந்தால் ராங்கியில் பெற்றோல் இல்லை அல்லது குழாயில் எங்கோ காற்று இழுக்கிறது. சத்தமே இல்லையென்றால் பம்பின் பொயின்ற் (மின்தொடுப்பு) ஒட்டியிருக்கும், பெரும்பாலும் துப்புரவாக்கினால் சரிவரும். இந்தப் பம்பும் காபரேற்றரும் இன்றும் இங்கிலாந்தில் புதிதாகக் கிடைக்கின்றன, மகனை அனுப்பிவைக்கச் சொல்லலாம். தகடு பாகங்களைப் பற்றி ஒரு செய்தி உங்களுக்குச் சந்தோசம் தரும். நம் காலியில் ஓர் ஆலை மைனருக்கான பாகங்களைச் செய்து இங்கிலாந்தின் பாத் நகர மொறிஸ் மைனர் சென்ரருக்கே ஏற்றுமதி செய்தது.

சிக்கனம் பார்க்கக் கூடாத இடங்கள் மூன்று. ஒன்று பிறேக். பிறேக் ஒயிலைத் தள்ளும் மாஸ்ரர் சிலிண்டர் சாரதியின் காலடியில், தரைத் தகட்டுக்குக் கீழே இருக்கிறது, எட்டுவது கஷ்டம் என்று பலர் அதைத் தொடுவதில்லை. நான்கு சில்லுக்கும் ஒரே குழாய்த் தொடர் என்பதால் எங்கு ஒழுகினாலும் கால் பிறேக் முழுதும் போய்விடும். றப்பர் கப்புகள், ஹோஸ்கள் எல்லாம் புதிதாக வேண்டும். அடுத்தது முன்சில்லுத் திரனியன். மரை வெட்டிய அந்த மூட்டுக்குக் காலாகாலத்தில் கிறீஸ் அடிக்காவிட்டால் மரை தேய்ந்து, முடக்கில் திரும்பும்போது சில்லு மடிந்து காரே ஒரு பக்கம் சரிந்துவிடும். யக் வைத்துத் தூக்கி, உங்கள் கண் முன்னே ஆட்டிக் காட்டச் சொல்லுங்கள். மூன்றாவது துரு. இந்தக் காருக்குத் தனிச் சேஸி இல்லை, தரைத் தகடுதான் முதுகெலும்பு. விரிப்பைத் தூக்கிவிட்டு, கதவுக்குக் கீழேயும் பின்வில் பூட்டிய இடத்திலும் ஸ்குறூ டிரைவரால் குத்திப் பாருங்கள். உள்ளே போனால் பெயின்றுக்கு முதல் வெல்டிங்.

முன் சீற்றுகளுக்குப் பெல்ற் போடுங்கள். அப்பா காலத்தில் இருக்கவில்லை என்று விடாதீர்கள். கதவுத் தூணிலிருந்து கை நீட்டும் பழைய சிக்னல் உங்கள் காரில் இருந்தால் அது அப்படியே இருக்கட்டும், ஆனால் பின்னால் வரும் பஸ்காரனுக்கு அது விளங்காது. மின்னும் சிக்னலும் சேர்த்துப் போடுங்கள்.

வேலை தொடங்க முன்னர் பதிவை உங்கள் பெயருக்கு மாற்றிவிடுங்கள். காப்புறுதியும் புகைப் பரிசோதனையும் வருமான அனுமதிப்பத்திரமும் அதன் பிறகுதான் ஒழுங்காக நடக்கும். முதல் சில வாரம் ஏ9 நெடுஞ்சாலைப் பக்கம் போகாமல் உள்வீதிகளில் ஓடுங்கள். ஒவ்வொரு ஓட்டம் முடிந்ததும் நான்கு சில்லின் நடுவிலும் கைவைத்துப் பாருங்கள். ஒன்று மட்டும் சுட்டால் அதில் பிறேக் பிடித்துக்கொண்டிருக்கிறது.

மகனிடம் இப்போது தர்க்கம் வேண்டாம். அடுத்த முறை ஊருக்கு வரும்போது ஸ்ரியரிங்கை அவர் கையில் கொடுங்கள். முதல் கியருக்கு சிங்ரோ (ஓட்டத்தில் கியர் உரசாமல் விழவைக்கும் அமைப்பு) இல்லை, வண்டி முற்றாக நின்ற பிறகுதான் போட வேண்டும் என்று புறப்படும் முன்பே சொல்லிவிடுங்கள்.