மாடுலேஷன் படித்தால் வேலை கிடைக்குமா? தண்டையார்பேட்டை அப்பாவுக்கு ஒரு பதில்

"பொண்ணு இசிஇ மூணாவது வருஷம். கேம்பஸ்ல ஐடி கம்பெனி வந்தா உட்கார மாட்டேன், மாடுலேஷன், பிசிக்கல் லேயர்னு ஏதோ மேல படிக்கப் போறேன்னு பிடிவாதம் பிடிக்கிறா. அதுக்கெல்லாம் வேலை இருக்கா சார்?" என்று கேட்டிருந்தீர்கள்.

வேலை இருக்கிறது. ஆனால் இசிஇ முடித்த எல்லோருக்கும் காத்திருக்கிற வேலை அல்ல. ஒரே நாளில் வகுப்பையே அள்ளிக்கொண்டு போகும் நிறுவனங்கள் இதற்கு ஆள் எடுப்பதில்லை. எடுக்கிறவர்கள் கொஞ்சம் பேரைத்தான், அதுவும் தேடித்தேடி எடுப்பார்கள். எம்.இ., எம்.டெக். படித்தவர்களுக்கே பெரும்பாலும் முன்னுரிமை. அதனால் உங்கள் மகளின் ஆசைக்கு நான் ஆதரவு. கேம்பஸில் உட்கார மாட்டேன் என்பதற்கு ஆதரவு இல்லை. உட்காரட்டும். கையில் ஒரு ஆஃபர் இருந்தால் மேற்படிப்புக்கு முயற்சி செய்ய முடியாமல் போய்விடாது.

அவள் எதைப் படிக்க நினைக்கிறாள் என்பது உங்களுக்குப் புரிந்துவிட்டால் பாதிப் பயம் போய்விடும். போனில் நீங்கள் பார்க்கும் வீடியோ உள்ளே வெறும் பூஜ்யமும் ஒன்றும்தான், அவற்றைத்தான் பிட் என்பார்கள். அவை காற்றில் போக வேண்டுமானால் ரேடியோ அலையின் உயரத்தையும், கட்டத்தையும் (ஃபேஸ், அதாவது அலை எந்த இடத்திலிருந்து தொடங்குகிறது என்பதையும்) அதற்கேற்ப மாற்ற வேண்டும். அதுதான் மாடுலேஷன். இப்படி பிட்டுகளை அலையாக்கி அனுப்பி, மறுமுனையில் திரும்ப எடுக்கும் பகுதிக்குத்தான் பிசிக்கல் லேயர் என்று பெயர். நான்கு நிலைகளை வைத்துக்கொண்டால் ஒரு தடவைக்கு 2 பிட் போகும். 256 நிலைகள் என்றால் 8 பிட். வைஃபை 7-இல் 4096 நிலைகள் வரை போயிருக்கிறார்கள், அதாவது 12 பிட். அப்படியே ஏற்றிக்கொண்டே போகலாமே என்று தோன்றும். முடியாது. நிலைகள் நெருங்க நெருங்க, சிறிய இரைச்சலும் ஒன்றை இன்னொன்றாகக் காட்டிவிடும். 5ஜி தரவிதியில், நான்கு நிலைகள் இருக்கும்போது 17.5 சதவீதம் வரை சிக்னல் விலகலாம். 256 நிலைகளுக்கு 3.5 சதவீதம்தான் அனுமதி. அந்தச் சின்ன இடைவெளிக்குள் எல்லாவற்றையும் அடக்குவதுதான் இந்தப் பொறியாளர்களின் பிழைப்பு.

நீங்கள் துறைமுகத்தில் கன்டெய்னர் யார்டில் வேலை பார்ப்பதாகச் சொன்னீர்கள். அங்கே போன் சிக்னல் நேராக மட்டும் வருவதில்லை. இரும்புப் பெட்டிகளில் பட்டு, கிரேனில் பட்டு, அதே சிக்னலின் பல பிரதிகள் கொஞ்சம் கொஞ்சம் தாமதமாக வந்து சேரும். முன்னால் போன தகவலின் எதிரொலி பின்னால் வருவதோடு கலந்துவிடும். இதற்கு ஓஎஃப்டிஎம் என்ற முறையில் தீர்வு கண்டார்கள்: தகவலை நூற்றுக்கணக்கான மெல்லிய அலைகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் முன்னால் ஒரு சின்னக் காப்பு நேரம் வைப்பது. 4ஜியில் அது சுமார் 4.7 மைக்ரோ விநாடி. அந்த நேரத்தில் ரேடியோ அலை ஏறக்குறைய 1.4 கிலோமீட்டர் போகும். அதற்குள் சுற்றி வருகிற எதிரொலி தொல்லை செய்யாது. 5ஜியில் இந்த மெல்லிய அலைகளுக்கு இடையிலான அதிர்வெண் இடைவெளியை 15-இலிருந்து 30 கிலோஹெர்ட்ஸ் ஆக்கினால் காப்பு நேரம் பாதியாகிவிடும், 700 மீட்டர்தான் மிச்சம். உங்கள் யார்டுக்கு அது போதுமா, போதாதா? இந்தக் கணக்கைப் போடுகிறவளாகத்தான் உங்கள் மகள் ஆக விரும்புகிறாள்.

"5ஜி போய் 6ஜி வந்துவிட்டால் படிச்சதெல்லாம் வீண்தானே" என்றும் உங்களுக்குத் தோன்றலாம். தலைமுறை மாறும்போது பெட்டிகள்தான் மாறுகின்றன, கணக்கு அவ்வளவு சீக்கிரம் மாறுவதில்லை. ஒரு சேனலில் எவ்வளவு வேகம் சாத்தியம் என்ற உச்சவரம்பை கிளாட் ஷானன் என்ற அமெரிக்கக் கணித அறிஞர் 1948-இல் சொன்னார். இன்றைக்கும் அதுதான் அளவுகோல். ராபர்ட் கல்லகர் என்ற ஆராய்ச்சியாளர் 1960களின் தொடக்கத்தில் கண்டுபிடித்த எல்டிபிசி என்ற பிழைதிருத்தும் முறை, அன்றைய கருவிகளால் தாங்க முடியாமல் பல வருடம் கிடப்பில் கிடந்தது. இப்போது 5ஜியில் டேட்டா முழுக்க அதன்மேல்தான் ஓடுகிறது.

சரி, வேலை எங்கே? உண்மையைச் சொன்னால் அதிகம் பெங்களூரில், அப்புறம் ஹைதராபாத்தில். சென்னையிலும் இல்லாமல் இல்லை. சிப் வடிவமைக்கும் குவால்காம் 2024-இல் இங்கே வைஃபை சார்ந்த வடிவமைப்பு மையம் திறந்தது. தொலைத்தொடர்புக் கருவிகள் செய்யும் எரிக்சனின் ஆராய்ச்சிப் பிரிவு இருக்கிறது. ஐஐடி மெட்ராஸ் உட்பட எட்டு நிறுவனங்கள் சேர்ந்து அமைத்த 5ஜி சோதனைத் தளம் 2022 மே மாதம் தொடங்கப்பட்டது. அதில் பங்கெடுத்த செவிட் என்ற வயர்லெஸ் ஆராய்ச்சி மையமும் ஐஐடி வளாகத்தைச் சேர்ந்ததுதான். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் 5ஜி கருவி செய்யும் தொழிற்சாலைகளையும் இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளாதீர்கள். அங்கே அசெம்பிளியும் டெஸ்டிங்கும்தான் பெரும்பாலும்.

ஐடி வேண்டாம் என்கிறாளே, அதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. பிசிக்கல் லேயர் வேலையில் பெரும்பகுதி கோட் எழுதுவதுதான். அல்காரிதத்தை மேட்லேபிலோ பைத்தானிலோ முதலில் ஓட்டிப் பார்ப்பார்கள். பிறகு அதை சி மொழியில், நேரமும் மெமரியும் கொஞ்சம்கூட வீணாகாமல் எழுதுவார்கள். சிப்புக்குள் போக வேண்டியதை வெரிலாக் என்ற சிப் வடிவமைப்பு மொழியில் எழுதுவார்கள். கோடிங் பிடிக்காமல் தப்பித்து ஓட இந்தத் துறையைத் தேர்ந்தெடுத்திருந்தால், அவளிடம் இதை இப்போதே சொல்லிவிடுங்கள்.

ஆசை உண்மையா என்று பார்க்க நான் மார்க் ஷீட்டைப் பார்ப்பதில்லை. ஒரு வேலை கொடுப்பேன். இரண்டே நிலைகள் கொண்ட மிக எளிய மாடுலேஷனான பிபிஎஸ்கேயை எடுத்து, இரைச்சல் சேர்த்து, லட்சம் பிட்டுக்கு ஒரு பிட் தவறும் அளவுக்கு வர, இரைச்சலோடு ஒப்பிட ஒரு பிட்டுக்கு எவ்வளவு சிக்னல் பலம் வேண்டும் என்று தானே புரோகிராம் எழுதிக் கண்டுபிடிக்கட்டும். தயாராகக் கிடைக்கும் ஃபங்ஷன் எதையும் கூப்பிடக் கூடாது. விடை 9.6 டெசிபல் பக்கத்தில் வர வேண்டும். வராவிட்டால் ஏன் என்று ராத்திரி உட்கார்ந்து தேடுகிறாளா, யூடியூபைத் திறக்கிறாளா என்று கவனியுங்கள். அதிலேயே பாதி தெரிந்துவிடும்.

அடுத்தது வடசென்னைப் பிள்ளைகளுக்கென்றே அமைந்த ஒன்று. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை நம் கரையோரம் முழுக்கத் துறைமுகங்கள். பெரிய கப்பல் ஒவ்வொன்றும் தன் அடையாள எண், இருக்கும் இடம், வேகம் எல்லாவற்றையும் ஏஐஎஸ் என்ற கருவி வழியாகச் சொல்லிக்கொண்டே இருக்கும். 161.975, 162.025 மெகாஹெர்ட்ஸ் ஆகிய இரண்டு சேனல்களில், விநாடிக்கு 9600 பிட் வேகத்தில், ஜிஎம்எஸ்கே என்ற மாடுலேஷனில் அது போகிறது. ஆர்டிஎல்-எஸ்டிஆர் என்ற சின்ன யூஎஸ்பி ரிசீவரைக் கல்லூரி ஆய்வகத்தின் பெயரில், பேராசிரியருக்குத் தெரிந்து, லேப்டாப்பில் மாட்டினால் அதைப் பிடித்துவிடலாம். கேட்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். அனுப்புகிற கருவிக்கு லைசென்ஸ் வேண்டும், அந்தப் பக்கமே போக வேண்டாம்.

ஏஐஎஸ்ஸைப் பிரித்துக் காட்டும் மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. அதைப் போட்டு ஓட்டிவிட்டு புராஜெக்ட் என்று காட்டினால் யாரும் மதிக்க மாட்டார்கள். அவளே எழுத வேண்டும். மலிவான ரிசீவருக்குக் கடிகாரமாக இருக்கும் கிரிஸ்டல் பத்து லட்சத்தில் 50 பங்கு தப்பாக ஓடினாலே 162 மெகாஹெர்ட்ஸில் 8 கிலோஹெர்ட்ஸ் விலகிவிடும். சேனலே 25 கிலோஹெர்ட்ஸ்தான். ஆஃப்செட் எனப்படும் அந்த விலகலை முதலில் சரிசெய்ய வேண்டும். அப்புறம் ஒவ்வொரு பிட்டுக்கும் உள்ள 104 மைக்ரோ விநாடியில் சரியாக எந்த இடத்தில் அளவு எடுப்பது என்று கண்டுபிடிக்க வேண்டும். அதற்குத்தான் ஒவ்வொரு செய்தியின் தொடக்கத்திலும் 0, 1, 0, 1 என்று 24 பிட் வைத்திருக்கிறார்கள். கடைசியில் பிழைச் சோதனை பாஸ் ஆகி ஒரு ஒன்பது இலக்க எண் திரையில் விழும். அது எந்தக் கப்பல், எந்த பெர்த்தில் நிற்கிறது என்று நீங்களே சொல்லிவிடலாம். இன்டர்வியூவில் "ஆஃப்செட்டை எப்படிச் சரிசெய்தாய்?" என்று கேட்டால் அவளால் அரை மணி நேரம் பேச முடியும். சர்டிஃபிகேட் கட்டு எதுவும் அந்த அரை மணி நேரத்தைத் தராது.

"5ஜி கோர்ஸ், நூறு சதவீத பிளேஸ்மென்ட்" என்று ஒரு பயிற்சி நிலையத்தில் பணம் கட்டச் சொல்வதாகவும் கேட்டீர்கள். கட்டாதீர்கள். என்பிடெல் என்ற இணைய வகுப்புத் தளத்தில் ஐஐடி பேராசிரியர்களின் டிஜிட்டல் கம்யூனிகேஷன் வகுப்புகள் இலவசமாக இருக்கின்றன. 5ஜியின் தரவிதிகளையே யார் வேண்டுமானாலும் தரவிறக்கிப் படிக்கலாம்; மாடுலேஷனுக்கு 38.211 என்ற ஆவணம். முதல் தடவை படித்தால் ஒன்றும் புரியாது. எல்லோருக்கும் அப்படித்தான்.

அதிகப் பணம் செலவழிக்காமல் மேலே படிக்க வழி, எம்.டெக். சேர்க்கைக்கான தேசிய அளவிலான கேட் தேர்வு. மூன்றாம் ஆண்டிலேயே எழுதலாம், மதிப்பெண் மூன்று வருடம் செல்லும். அந்த மதிப்பெண்ணோடு எம்.டெக். சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை உண்டு. ஐஐடி கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் கிண்டி பொறியியல் கல்லூரியில் எம்.இ. கம்யூனிகேஷன் சிஸ்டம்ஸும் சளைத்ததல்ல. தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறினால் மாறாமல் கிண்டியில் இறங்கலாம். ஹாஸ்டல் செலவு, ராத்திரி எப்படி வருவாள் என்ற கவலை இரண்டும் குறையும்.

வீட்டில் அவள் சம்பளத்துக்காக இரண்டு வருடம் பொறுக்க முடியாத நிலை என்றால் அதை மறைக்காமல் அவளிடம் சொல்லுங்கள். அப்போது கேம்பஸில் வருகிற வேலையில் சேரட்டும். கிடைக்கிறவற்றில் எம்பெடட் (கருவிக்குள்ளேயே ஓடும் மென்பொருள்), டெலிகாம் டெஸ்டிங் மாதிரி சி மொழி புழங்கும் வேலையாகப் பார்க்கட்டும். வேலையில் இருந்துகொண்டே கேட் எழுதி இரண்டு வருடம் கழித்துப் போனவர்கள் இருக்கிறார்கள். கஷ்டம்தான், ஆனால் கதவு மூடிவிடாது.

அடுத்து வரும்போது அவளையும் அழைத்துவாருங்கள். அந்த பிபிஎஸ்கே வரைபடத்தின் பிரின்ட் அவுட்டும், எழுதிய கோடும் கையில் இருக்கட்டும். 9.6 எங்கிருந்து வந்தது என்றுதான் முதலில் கேட்பேன். நீங்கள் குறுக்கே பேசக் கூடாது.