பயாப்ஸி நார்மல் என்றால் கட்டியும் நார்மலா?

கேள்வி: எனக்கு வயது 54. நெஞ்செரிச்சலுக்காக எண்டோஸ்கோப்பி செய்தபோது, இரைப்பையின் மேல்பகுதியில் உட்சவ்வுக்கு அடியில் 1.5 செ.மீ. கட்டி இருப்பதாகச் சொன்னார்கள். பயாப்ஸியில் ‘லேசான அழற்சி, புற்றுநோய் இல்லை’ என்று வந்தது. இருந்தும் எண்டோஸ்கோப்பிக் அல்ட்ராசவுண்ட் எடுக்கச் சொல்கிறார் மருத்துவர். வீட்டில் உள்ளவர்களோ, எதற்கு வம்பு, ஆபரேஷன் செய்து எடுத்துவிடு என்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: ஸ்கேன் தேவைதான். பயாப்ஸி முடிவில் தவறில்லை. ஆனால் அது உங்கள் கட்டியைப் பற்றிய முடிவே இல்லை. எண்டோஸ்கோப்பி வழியாக நுழையும் சிறு இடுக்கி, பொதுவாக இரைப்பையின் உட்சவ்வை மட்டும்தான் கிள்ளி எடுக்கும். உங்கள் கட்டி அதற்கும் கீழே இருக்கிறது. பெயிண்டைச் சுரண்டிப் பார்த்துவிட்டு, சுவருக்குள் என்ன இருக்கிறது என்று சொல்ல முடியாதல்லவா? அதற்காகப் பயப்படவும் வேண்டாம். வேறு எதற்கோ பார்க்கப்போய்த் தட்டுப்படும் இந்த அளவுக் கட்டிகளில் பெரும்பாலானவை தொந்தரவு செய்யாதவை.

எண்டோஸ்கோப்பிக் அல்ட்ராசவுண்டில் குழாயின் நுனியிலேயே ஸ்கேன் கருவி இருக்கும். இரைப்பைச் சுவர் அதில் ஐந்து அடுக்குகளாகத் தெரியும். கட்டி எந்த அடுக்கிலிருந்து கிளம்புகிறது என்று தெரிந்தாலே பாதி விடை கிடைத்த மாதிரி. மூன்றாவது அடுக்கில் வெள்ளையாக, ஒரே சீராகத் தெரிந்தால் அது கொழுப்புக் கட்டி. தொந்தரவு இல்லாதவரை அதை மறந்துவிடலாம். நான்காவது, அதாவது தசை அடுக்கில் கறுப்பாகத் தெரிந்தால்தான் யோசிக்க வேண்டும். அது லியோமயோமா என்ற சாதுவான தசைக் கட்டியாக இருக்கலாம், ஜிஸ்ட் (GIST) என்ற, இரைப்பை, குடல் சுவரில் உருவாகும் கட்டி வகையாகவும் இருக்கலாம். சில சமயம் கட்டியே இருக்காது! பக்கத்தில் இருக்கும் மண்ணீரல் வெளியிலிருந்து அழுத்துவது உள்ளே மேடாகத் தெரியும். உங்களுக்கு மேல்பகுதி என்பதால் இதையும் பார்த்துவிட வேண்டும்.

ஜிஸ்ட்தான் கொஞ்சம் சிக்கலானது. அது வளர்ந்து பரவக்கூடியது, ஆனால் எல்லாம் அப்படி ஆவதில்லை. கட்டியின் அளவு, செல்கள் பிரியும் வேகம், எந்த உறுப்பில் இருக்கிறது ஆகிய மூன்றையும் வைத்துத்தான் ஆபத்தைக் கணிப்போம். சிறுகுடலில் வருவதைவிட இரைப்பையில் வருவது பொதுவாகச் சாது. ஸ்கேன் பார்த்தபடியே ஊசி போட்டுத் திசு எடுத்து, கிட், டாக்-1 என்ற புரதங்கள் இருக்கின்றனவா என்று சோதித்தால் உறுதியாகிவிடும். 1.5 செ.மீ. கட்டியில் ஊசிக்குப் போதிய திசு கிடைக்காமல் போவதும் உண்டு.

ஆபரேஷனுக்கு இப்போது அவசரப்பட வேண்டாம் என்பதே என் கருத்து. 2 செ.மீ.க்குக் குறைவாக, ஓரம் சீராக, புண்ணோ ரத்தக்கசிவோ இல்லாமல் இருந்தால், ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்குள் மறுபடி ஸ்கேன் எடுத்து அளவை ஒப்பிடுவது ஏற்கத்தக்க வழி. வளர்ந்தாலோ, உறுதியான ஜிஸ்ட் 2 செ.மீ.யைத் தாண்டினாலோ எடுத்துவிடுவது நல்லது. அப்போதும் பெரும்பாலும் இரைப்பையை முழுதாக எடுக்க மாட்டார்கள். லேப்ராஸ்கோப்பி மூலம் கட்டியைச் சுற்றிக் கொஞ்சம் சுவரோடு, உடைந்துவிடாமல் எடுத்தால் போதும். உடைந்தால் செல்கள் வயிற்றுக்குள் சிதறிவிடும். மறுபடி வரும் ஆபத்து அதிகம் என்றால் இமாட்டினிப் மாத்திரை கொடுப்பதுண்டு. வழக்கமாக தினம் 400 மி.கி., மூன்று வருடம். 2002-ல் ஜிஸ்டுக்கு அமெரிக்காவில் இந்த மாத்திரைக்கு அனுமதி கிடைத்தது. அதற்கு முன் பரவிய ஜிஸ்டுக்குக் கீமோ பெரிதாகக் கைகொடுத்ததே இல்லை.

உங்கள் நெஞ்செரிச்சலுக்கும் கட்டிக்கும் அநேகமாகத் தொடர்பில்லை. அதற்குத் தனியாக மருந்து சாப்பிடுங்கள். அந்த மருந்தால் கட்டி கரையும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள். பயாப்ஸியில் ஹெச்.பைலோரி கிருமி இருக்கிறதா என்றும் கேளுங்கள். இருந்தால் அதற்கும் சிகிச்சை வேண்டும்.

அடுத்த ஸ்கேனுக்குப் போகும்போது பழைய படங்களைக் கையோடு கொண்டுபோங்கள். இடையில் எடை குறைந்தாலோ, கொஞ்சம் சாப்பிட்டதுமே வயிறு நிறைந்தாலோ, ரத்தசோகை என்று தெரியவந்தாலோ தேதிக்காகக் காத்திருக்க வேண்டாம். மலம் தார் போலக் கறுத்தாலோ ரத்த வாந்தி எடுத்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். இரும்புச்சத்து மாத்திரையாலும் மலம் கறுக்கும் என்பதால், அதைச் சாப்பிடுகிறீர்கள் என்றால் அங்கே சொல்லிவிடுங்கள்.