பூட்டியது யார்? கைத்தொலைபேசி கேள்வி – பதில்

கேள்வி: அமெரிக்காவில் இருக்கும் சித்தப்பா தான் பாவித்த ஐபோன் 12ஐ அனுப்பியிருக்கிறார். இங்குள்ள சிம்மைப் போட்டால் ‘சிம் நொட் சப்போர்ட்டட்’ என்று வருகிறது. புறக்கோட்டையில் ஒரு கடையில் ‘சிப்’ வைத்துத் திறந்து தருவதாகச் சொல்கிறார்கள். கொடுக்கலாமா?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: கொடுக்க வேண்டாம். முதலில் செட்டிங்ஸில் ஜெனரல், அதற்குள் அபௌட் போய், ‘கெரியர் லொக்’ என்ற வரியைப் பாருங்கள். ‘நோ சிம் ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ்’ என்று இருந்தால் போனில் பூட்டே இல்லை, கோளாறு வேறெங்கோ. ‘சிம் லொக்ட்’ என்று இருந்தால் வேறு நிறுவன சிம்மை ஏற்காதபடி, அதை விற்ற அமெரிக்கத் தொலைபேசிச் சேவை நிறுவனம் போட்ட பூட்டு இன்னும் கழற்றப்படவில்லை.

ஐபோனுக்கு அன்லொக் கோட் என்று ஒன்று கிடையாது. இந்த ஐஎம்இஐ (ஒவ்வொரு போனுக்கும் உள்ள தனி அடையாள எண்) எந்த சிம்மை ஏற்கலாம் என்பது அப்பிளின் சேர்வரில் பதிவாகியிருக்கும். அதை மாற்றச் சொல்லக்கூடியது விற்ற நிறுவனம் மட்டுமே. எனவே *#06# அடித்து வரும் 15 இலக்கத்தைச் சித்தப்பாவுக்கு அனுப்புங்கள். அவர் தன் நிறுவனத்திடம் கேட்க வேண்டும். தவணைக் காசு முழுவதும் கட்டி முடித்திருக்க வேண்டும், தொலைந்தது அல்லது திருட்டு என்ற முறைப்பாடு இருக்கக் கூடாது. இரண்டும் சரியென்றால் பெரும்பாலும் இலவசமாகவே திறந்து விடுவார்கள்.

அனுமதி வந்ததும் இலங்கை சிம்மைப் போட்டு, வைஃபையில் இணைத்து, போனை ஒருமுறை அணைத்து எழுப்புங்கள். அப்போதும் அதே செய்தி வந்தால் பக்கப் எடுத்துவிட்டு முழுவதும் அழித்துப் புதிதாகத் தொடங்க வேண்டும். போன் அப்போது சேர்வரிடம் மறுபடி விசாரிக்கும். ஆனால் அழிப்பதற்கு முன் சித்தப்பாவின் அப்பிள் ஐடி அதிலிருந்து நீக்கப்பட்டிருக்கிறதா என்று நிச்சயம் பாருங்கள். இல்லையென்றால் சிம் பூட்டு திறந்த கையோடு, பழைய சொந்தக்காரரின் கடவுச்சொல் கேட்கும் ஆக்டிவேஷன் லொக்கில் மாட்டுவீர்கள். பிறகு நள்ளிரவில் அவரை எழுப்பிக் கடவுச்சொல் கேட்க வேண்டி வரும்.

கடைக்காரர் சொல்லும் சிப், சிம்மின் மேல் ஒட்டும் மெல்லிய தகடு. உள்ளே இருப்பது அமெரிக்க சிம் என்று போனை நம்ப வைக்கும். பூட்டு அப்படியேதான் இருக்கும். ஒரு ஐஓஎஸ் அப்டேட் போட்டதும் சிக்னல் போய்விடும், திரும்பவும் கடைக்கு நடக்க வேண்டும். தகட்டின் தடிப்பால் சிம் தட்டு இறுகிச் சிக்கிக்கொள்வதும் உண்டு.

கேள்வி: சாம்சங் போன் ஒன்று ‘நெட்வேர்க் அன்லொக் பின்’ கேட்டது. இணையத்தில் கிடைத்த கோட்களைப் பல தடவை அடித்துப் பார்த்தோம். இப்போது எதை அடித்தாலும் ஏற்கவில்லை. ஃபெக்டரி ரீசெட் செய்தால் சரிவருமா?
– வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: சரிவராது. ரீசெட் அழிப்பது உங்கள் படங்களையும் செயலிகளையும்தான். பூட்டும், தவறான முயற்சிகளின் கணக்கும் அது தொடாத வேறொரு பகுதியில் இருக்கின்றன.

பழைய நோக்கியாக்களில் ஐஎம்இஐயை வைத்துக் கோட்டைக் கணக்கிட முடிந்தது. அந்தக் காலத்து ஞாபகத்தில்தான் இன்னும் ‘இலவச கோட்’ தேடுகிறார்கள். இப்போது ஒவ்வொரு ஐஎம்இஐக்கும் தனிக் கோட். அது விற்ற நிறுவனத்திடமோ தயாரிப்பாளரிடமோதான் உண்டு. இன்னொருவரின் கோட் உங்கள் போனில் வேலை செய்யாது. பிழையான ஒவ்வொன்றும் மிச்சமிருக்கும் வாய்ப்பில் ஒன்றைத் தின்றுவிடும். வாய்ப்புகள் முடிந்ததும் போன் உறைந்துவிடும். உங்களுக்கு நடந்திருப்பது அதுவே.

இனி இரண்டு கோட் தேவை. முதலில் உறைவை நீக்கும் கோட், அதன் பிறகே அன்லொக் கோட். வரிசையை மாற்றி அடித்தால் சரியான கோட்டையும் போன் தள்ளிவிடும். விண்ணப்பிக்கும்போது போன் உறைந்துவிட்டது என்பதைச் சொல்லியே கேளுங்கள். சொல்லாவிட்டால் ஒரு கோட்டை மட்டும் அனுப்பிவிட்டு இருப்பார்கள்.

கடையில் ‘பொக்ஸ்’ எனும் கருவியில் போனை இணைத்துத் திறப்பதும் உண்டு. திறமையானவர் கையில் அது வேலை செய்யும். ஆனால் கை தவறினால் ஐஎம்இஐயும் ரேடியோ அளவீடுகளும் இருக்கும் ஈஎஃப்எஸ் பகுதி கெட்டு, போனுக்கு எந்த நெட்வேர்க்குமே கிடைக்காமல் போகும். எனவே அந்தப் பகுதியைப் பக்கப் எடுத்த பிறகே தொடுவாரா என்று கேளுங்கள். முழிக்கிறார் என்றால் போனை வாங்கிக்கொண்டு வெளியே வாருங்கள். ரூட் செய்ய (போனின் மென்பொருளில் முழு அதிகாரம் எடுக்க) வேண்டும் என்றாலும் யோசியுங்கள்: சாம்சங்கின் பாதுகாப்பு அமைப்பான நொக்ஸின் எண் 0x1 ஆகிவிட்டால் திரும்பாது, அந்தரங்கக் கோப்புகளைப் பூட்டி வைக்கும் செக்கியூர் ஃபோல்டரும் அத்தோடு போய்விடும். வேலை முடிந்ததும் *#06# அடித்துப் பெட்டியில் உள்ள எண்ணோடு ஒப்பிடுங்கள். எண் மாறியிருந்தால் காசு கொடுக்காதீர்கள்.

கேள்வி: ரொரன்டோவிலிருந்து அண்ணா வருகிறார். அங்கு வாங்கும் போன் இங்கு வேலை செய்யுமா?
– வாசகர், பம்பலப்பிட்டி

பதில்: கனடாவில் 2017 டிசம்பர் 1 முதல் நிறுவனங்கள் போன்களைப் பூட்டாமலே விற்க வேண்டும், பழையதையும் கேட்டால் இலவசமாகத் திறந்து கொடுக்க வேண்டும். பிரித்தானியாவில் 2021 டிசம்பரிலிருந்தும், ஜப்பானில் 2021 ஒக்டோபரிலிருந்தும் பூட்டி விற்கத் தடை. அமெரிக்காவில் நிறுவனத்திடம் தவணையில் எடுப்பதில்தான் அதிக கவனம் வேண்டும். இன்னொன்று, ஐபோன் 14 முதல் அமெரிக்கப் பதிப்பில் சிம் தட்டே இல்லை, போனுக்குள்ளேயே இருக்கும் மின்னணு சிம்மான ஈசிம் மட்டும். பூட்டு இருந்தால் ஈசிம்மையும் அது ஏற்காது.

போன் வந்ததும் ஐஎம்இஐ என்று அடித்து, ஒரு இடைவெளி விட்டு, 15 இலக்கத்தையும் சேர்த்து 1909க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள் (முதல் சொல்லை ஆங்கில எழுத்தில்). அது தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு ஐஎம்இஐயைச் சரிபார்க்கும் சோதனை. இரண்டு சிம் போனுக்கு இரண்டு எண், இரண்டையும் பாருங்கள். இது அன்லொக்குடன் சம்பந்தமில்லாத வேறு விஷயம். ஒன்று சரியென்பதால் மற்றதும் சரியென்று ஆகாது.

கேள்வி: அன்லொக் செய்த வெளிநாட்டு அன்ட்ரொய்ட் போனில் 4ஜி நன்றாக வருகிறது. அழைப்பு வந்ததும் இன்டர்நெட் நின்றுவிடுகிறது. பூட்டு இன்னும் முழுதாகத் திறக்கவில்லையா?
– வாசகி, தெஹிவளை

பதில்: பூட்டில் பிழையில்லை. பாதிப் பூட்டு என்று ஒன்றும் கிடையாது. உங்கள் போனில் வோல்ட்டி, அதாவது 4ஜி வழியாகவே பேசும் வசதி, இந்த நெட்வேர்க்கில் வேலை செய்யவில்லை. அதனால் அழைப்பு வந்ததும் போன் பழைய நெட்வேர்க்குக்கு இறங்குகிறது. 2ஜிக்கு இறங்கினால் டேட்டா நின்றுவிடும். மொபைல் நெட்வேர்க் செட்டிங்ஸில் ‘வோல்ட்டி கோல்ஸ்’ என்ற சுவிட்ச் இருந்தால் போட்டுப் பாருங்கள், சிம்மிலும் அந்தச் சேவை இயக்கப்பட்டிருக்கிறதா என்று கேளுங்கள். சுவிட்சே இல்லையென்றால் அந்தப் பதிப்பின் மென்பொருளில் இந்த நெட்வேர்க்குக்கான அமைப்பு இல்லை. மறுபடி காசு கொடுத்து ‘அன்லொக்’ செய்வதால் அது வந்துவிடாது. வெளிநாட்டு போன் வாங்குமுன் 1800 மெகாஹேர்ட்ஸ் அலைவரிசை, அதாவது பேண்ட் 3, இருக்கிறதா என்றும் பாருங்கள். இங்கு 4ஜிக்கு அது முக்கியமான பேண்ட்.

கேள்வி: பழைய ஹுவாவே டொங்கிளைத் திறக்கலாமா?
– வாசகர், மருதானை

பதில்: கணினியில் செருகி இன்டர்நெட் எடுக்கும் அந்த டொங்கிளைத் திறக்கலாம். வழக்கமாக 10 தடவைதான் கோட் அடிக்க விடும், ஆகவே ஊகித்து அடிக்காதீர்கள். 3ஜி மட்டும் உள்ள டொங்கிள் என்றால் அந்தக் காசை 4ஜி ரவுட்டருக்குச் சேர்த்து வையுங்கள்.