படைவீரர்களுக்குக் கடிதம், பார்சல், கொடிநாள்: வாசகர் கேள்விகள்

கொடிநாள் நெருங்குவதால் இந்த முறை கேள்விகளில் பாதிக்கு மேல் பள்ளிக்கூடங்களில் இருந்து வந்தவை.

எங்கள் பிள்ளைகள் 300 பேர் ராணுவ வீரர்களுக்குக் கடிதம் எழுதியிருக்கிறார்கள். எங்கே அனுப்புவது? (ஆசிரியை, தக்கலை)

முதலில் அந்த 300-இல் எத்தனை கடிதம் பிள்ளைகளே எழுதியது என்று பாருங்கள், டீச்சர். ராணுவ யூனிட்டில் தபால் பிரிக்கும் வேலையைக் கொஞ்ச காலம் பார்த்தவன் நான். கட்டுக் கட்டாக வரும், பிரித்தால் எல்லாவற்றிலும் ஒரே எட்டு வரி, கரும்பலகையைப் பார்த்து எழுதியது, எழுத்துப்பிழைகூட ஒன்றுதான். இரண்டு படித்தபிறகு மூன்றாவதை யாரும் தொடமாட்டார்கள். ஒருமுறை நம் கன்னியாகுமரி மாவட்டத்து நாலாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி, "மழையில எங்க குளம் நிறைஞ்சாச்சு, அப்பா என்னை இறங்க விடல, அங்க குளம் உண்டா மாமா?" என்று கோடு போட்ட நோட்டுத் தாளில் எழுதியிருந்தாள். செக்‌ஷன் முழுக்கக் கை மாறியது அந்தத் தாள். இரணியல்காரர் ஒருவர் அதை மடித்துப் பர்ஸில் வைத்தார், அடுத்த லீவுக்கு ரயில் ஏறும்போதும் அது அவரிடம் இருந்தது. அதனால்தான் சொல்கிறேன், போர்டில் எழுதிப் போடாதீர்கள். பிள்ளை தன் வீட்டு ஆட்டுக்குட்டியைப் பற்றி எழுதட்டும், தப்பும் தவறுமாக எழுதட்டும். 300 வேண்டாம், 30 போதும்.

முகவரிக்குத் தேடி அலைய வேண்டியதில்லை. பணியில் இருக்கும் உங்கள் ஊர்க்காரர் ஒருவர் வீட்டில் கேட்டு, அவர் பெயருக்கே கட்டாக அனுப்புங்கள், தன் கம்பெனிக்குள் (நூற்றிச் சொச்சம் பேர் கொண்ட படைப்பிரிவு) அவர் பிரித்துக் கொடுப்பார். அவருடைய சர்வீஸ் நம்பர், ரேங்க், பெயர், யூனிட், 56 ஏபிஓ அல்லது 99 ஏபிஓ (ஏபிஓ என்றால் ராணுவத் தபால் நிலையம்), 9-இல் தொடங்கும் பின்கோடு, அவ்வளவுதான். லடாக், காஷ்மீர் என்று இடப்பெயர் சேர்க்கக் கூடாது. கடிதத்தில் பள்ளி முகவரி போதும், பிள்ளையின் போன் நம்பர் வேண்டாம்.

தேனும் மட்டிப்பழமும் அனுப்பலாமா? (மகளிர் குழு, மார்த்தாண்டம்)

வடக்கே போய்ச் சேர பத்துப் பதினைந்து நாள் ஆகும் பார்சலில் பழமா? கேட்கும் முன் கொஞ்சம் யோசிக்க வேண்டும். தேன் பாட்டில் உடைந்தால் பக்கத்துப் பார்சலும் பாழ். முந்திரிக்கொத்து, கருப்பட்டி, தகர டின்னில் ஏத்தங்காய் சிப்ஸ், இவை தாராளமாகப் போகலாம். பட்டாலியன் என்றால் 800 பேர், அதனால் ஒரு கம்பெனிக்கு, 120 பேருக்கு என்று கணக்கு வையுங்கள். வாங்குகிறவர் லீவில் இல்லை என்று உறுதி செய்துவிட்டு அனுப்புங்கள்.

கொடிநாளுக்கு ஆளுக்கு 50 ரூபாய் கட்டாயம் என்கிறார்கள். சரியா?

சரியில்லை. டிசம்பர் 7 கொடிநாள் 1949-இல் தொடங்கியது, அன்று முதல் அது நன்கொடைதான். போரில் கணவரை இழந்தவர்கள், ஊனமுற்ற வீரர்கள், முன்னாள் படைவீரர் குடும்பங்கள், இவர்களுக்குப் போகிற பணம் என்று பிள்ளைகளிடம் சொல்லுங்கள், கொண்டுவருவார்கள்.

ஆயுதம் வாங்க நிதி என்று வாட்ஸ்அப்பில் கணக்கு எண் வந்தது...

போடாதீர்கள். எத்தனை தடவை எழுதிவிட்டேன்! நாகர்கோவிலில் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறது, நேரில் போய்க் கொடுத்து ரசீது வாங்குங்கள்.

கணவர் பணியில் இருக்கிறார். மகளுக்குப் பிரதமர் கல்வி உதவித்தொகை கிடைக்குமா?

இப்போது கிடைக்காது, அது முன்னாள் படைவீரர் பிள்ளைகளுக்கு. பெண் பிள்ளைக்கு மாதம் 3,000 ரூபாய். தொழிற்படிப்பாக இருக்க வேண்டும், பிளஸ் டூவில் 60 சதவீதம் வேண்டும்.

எங்கள் தெருப் பையன் எல்லையில் இருக்கிறான். சங்கம் சார்பில் பிளெக்ஸ் வைக்கலாமா? (குளச்சல்)

வேண்டாம். அவன் படமும் யூனிட் பெயரும் தெருவிலும் நிற்கக்கூடாது, வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் நிற்கக்கூடாது. எந்த ரயிலில் கிளம்பினான் என்பதும் அப்படித்தான். அந்தக் காசை வைத்து அவன் வீட்டுக்கு ஏதாவது செய்யுங்கள். 2017-இல் ஒக்கி புயல் அடித்தபோது நாள்கணக்கில் கரண்ட் இல்லை, போன் இல்லை. லைன் கிடைத்ததும் எல்லையிலிருந்து நம்மூர்ப் பையன்கள் என்னிடம் முதலில் கேட்டது, "வீட்டுல போய் ஒரு எட்டு பாத்துட்டு வருவீங்களா அண்ணே" என்பதுதான். ஒரு வீட்டுக்குப் போனேன். முற்றத்தில் குறுக்கே விழுந்த ரப்பர் மரத்தைப் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஏற்கெனவே அறுத்து ஒதுக்கியிருந்தார்கள், கைக்குழந்தையோடு இருந்த அந்தப் பெண்ணுக்கு அடுப்பெரிக்க விறகாகவும் அடுக்கி வைத்திருந்தார்கள். அதைச் சொன்னதும் போனில் அவன் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. இந்த மழைக்காலத்தில் உங்கள் சங்கத்தில் இரண்டு பேர் அந்த வீட்டுக் கூரையை ஏறிப் பாருங்கள்.