'தானே' என்ற ஆதாரம்

கேள்வி: லத்தீனில் 'வியர்க்கிறேன்' என்பதற்கு 'சூடோ' என்கிறார்கள். நம் 'சூடு' தானே கப்பலேறிப் போயிருக்கிறது?
(தமிழார்வலர் ஒருவர், பல்லடம்)

பதில்: உங்கள் 'தானே'யைப் பார்த்ததும்தான் எனக்கு வியர்த்தது. உலகத்துச் சொற்களைத் தமிழுக்கு இழுத்துவர நம் ஆட்களுக்கு ஒலி விதி வேண்டாம், கல்வெட்டு வேண்டாம். ஒரு 'தானே' இருந்தால் போதும்.

ஆங்கில 'ஸ்வெட்', சமஸ்கிருத 'ஸ்வேத', லத்தீன் 'சூடோ' மூன்றும் ஒரு வேர்ப் பிள்ளைகள். 'ஸ்வ' என்று தொடங்கியதுதான் லத்தீனில் 'சூ' ஆனது. பின்னோக்கிப் போகப் போக உங்கள் சூட்டைவிட்டு விலகிக்கொண்டே போகிறது. (மகளுக்கு ஸ்வேதா என்று பெயர் வைத்தவர்கள் பதற வேண்டாம். அது வெண்மை. தமிழில் எழுதும்போதுதான் இரண்டும் ஒன்றாகத் தெரியும்.)

எழுத்தொற்றுமைதான் சான்று என்றால் இன்னும் இரண்டு தருகிறேன். 'போலி' என்ற பொருளில் ஆங்கிலச் சொற்களின் முன்னால் ஒட்டுவதும் சூடோ. லினக்ஸ் கணினியில் நிர்வாகியின் அதிகாரத்தோடு கட்டளையிடத் தட்டுவதும் சூடோ. ஆக வியர்வை, போலி, அதிகாரம். முதலாவதைக் கழித்துவிட்டால் மிஞ்சுவது நம்மூர்ச் சொல்லாராய்ச்சி.

இந்த வினைச்சொல்லை அழகாகக் கையாண்டவர் ரோமானியக் கவிஞர் ஹொரேஸ். ஓட்டப் பந்தயத்தில் ஜெயிக்க நினைப்பவன் சிறு வயதிலேயே 'சூடாவிட் எத் அல்சிட்', அதாவது வியர்த்தான், விறைத்தான். மதுவையும் மாதையும் தள்ளி வைத்தான். கவிஞர்களுக்கு மட்டும் 'நான் பிரமாதமாகக் கவிதை எழுதுகிறேன்' என்று சொல்லிக்கொண்டாலே போதுமாம். 2000 ஆண்டுகளுக்கு முன்பே எங்கள் அலுவலகத் தபால் பையை மனிதர் பிரித்துப் பார்த்திருக்கிறார்!

அந்தக் காலத்தில் வியர்வை விலைக்கே போனது. பயிற்சிக்கூடங்களில் வீரர்கள் உடம்பிலிருந்து வழித்தெடுத்த எண்ணெயும் வியர்வையும் அழுக்குமான கலவையை மருந்தாகப் பூசினார்கள் என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதி வைத்திருக்கிறார். கவிஞர்களிடம் யாரும் வழித்ததாகக் குறிப்பில்லை.

உங்கள் அஞ்சலட்டையின் மறுபக்கத்தில் இருந்த வெண்பாவையும் படித்தேன். மூன்றாம் அடியில் தளை தட்டுகிறது.