கடலின் வெப்பத்தை ஒலி சொல்லுமா?

கேள்வி: எங்கள் தோட்டத்தில் தொழிலாளர்களை வேலைக்குக் கூட்ட விடியுமுன் அடிக்கும் பிரட்டு மணி கடைசி லயம் (குடியிருப்பு வரிசை) வரை கேட்குமாம், நண்பகலில் அதே மணி பாதித் தூரம்கூட எட்டாதாம். பாட்டி சொன்னது இது. கடல் நீரோட்டம் சுமந்து செல்லும் வெப்பத்தை ஒலியைக் கொண்டு அளக்கிறார்கள் என்று படித்தேன். அது எவ்வாறு இயலும்?
- ஒரு வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: தங்கள் பாட்டியார் கவனித்ததிலேயே பாதி விடை இருக்கிறது. விடியற்காலையில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்தும் அதற்கு மேலுள்ள காற்று சற்று வெதுவெதுப்பாகவும் இருப்பதால், ஒலி தன் வேகம் குறையும் குளிர்ந்த அடுக்கை நோக்கி வளைந்து, தரையோடு தரையாக நெடுந்தூரம் ஓடுகிறது. வெயில் ஏறித் தரை சுட்டதும் அதே ஒலி மேல்நோக்கி வளைந்து, செம்பனைகளுக்கு மேலே போய்விடுகிறது.

ஆழ்கடலிலும் இதுவே நிகழ்கிறது. கீழே செல்லச் செல்லக் குளிர்ச்சி ஒலியை மெதுவாக்குகிறது; இன்னும் ஆழத்தில் நீரின் அழுத்தம் அதை மீண்டும் விரைவாக்குகிறது. இடையில், வெப்பமண்டலக் கடல்களில் ஏறத்தாழ 1,000 மீட்டர் ஆழத்தில், ஒலி மிக மெதுவாகச் செல்லும் ஓர் அடுக்கு உண்டு. அதில் புகுந்த ஒலி வெளியேற வழியின்றி ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் செல்லும். ஆழம் குறைந்த நம் மலாக்கா நீரிணையில் இந்த வாய்க்கால் இல்லை.

கடல்நீரில் ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர். ஆழ்கடலின் குளிர்ந்த நீரில் வெப்பம் 1 டிகிரி செல்சியஸ் கூடினால், அந்த வேகம் 4 மீட்டருக்குச் சற்று அதிகமாகக் கூடும். ஆகவே ஒலி வந்துசேரும் நேரத்தை நுட்பமாக அளந்தால், அது கடந்து வந்த வழி முழுவதன் சராசரி வெப்பமும் தெரிந்துவிடும். கடலில் இறக்கும் வெப்பமானி ஓர் இடத்தை மட்டுமே காட்டும் என்பதால், இந்தச் சராசரியை நான் பெரிதாக மதிக்கிறேன். இம்முறையை 1979இல் கடலியல் அறிஞர்களான வால்ட்டர் மங்க், கார்ல் வுன்ஷ் ஆகியோர் முன்மொழிந்தனர்.

ஆனால் தாங்கள் கேட்பது நீரோட்டம் சுமக்கும் வெப்பம். அதற்கு நீரின் வேகமும் தெரிய வேண்டும். நீரோட்டத்தின் போக்கில் 300 கிலோமீட்டர் இடைவெளியில் இரு கருவிகளை வைத்து, இரண்டையும் மாறி மாறி ஒலிக்கவும் கேட்கவும் செய்தால், நீரோட்டத்தோடு செல்லும் ஒலி முந்தும். எதிர்த்துச் செல்வது பிந்தும். நொடிக்கு 10 சென்டிமீட்டர் ஓட்டமானால் இந்த வேறுபாடு சுமார் 0.027 நொடிதான். இரு நேரங்களின் சராசரியிலிருந்து வெப்பமும், வேறுபாட்டிலிருந்து ஓட்டமும் கிடைக்கின்றன. இரண்டையும் சேர்த்தே சுமக்கப்படும் வெப்பம் கணக்கிடப்படுகிறது.

ஒலியைக் கருவிதான் எழுப்ப வேண்டும் என்பதில்லை; நிலநடுக்கமும் எழுப்பும். 2005 மார்ச் 28 அன்று சுமத்ராவுக்கு மேற்கே உள்ள நியாஸ் தீவருகே நிகழ்ந்த நிலநடுக்கம் மலேசியாவில் நம் மேற்குக் கரை நகரங்களிலும் உணரப்பட்டது. அப்பகுதியில் திரும்பத் திரும்ப நிகழும் சிறு நிலநடுக்கங்களின் ஒலியை இந்தியப் பெருங்கடலின் நடுவே உள்ள தியேகோ கார்சியா தீவில் பதிவுசெய்து, கிழக்கு இந்தியப் பெருங்கடல் வெப்பமடைவதை 2020இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. திமிங்கலங்களுக்குப் புதிய இரைச்சல் எதையும் சேர்க்காத இவ்வழி எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. எனினும் நிலநடுக்கத்தின் ஒலி ஒரு திசையில் மட்டுமே வருவதால், அது வெப்பத்தைச் சொல்லுமே தவிர ஓட்டத்தைச் சொல்லாது. ஓட்டத்தை அறிய இருபுறமும் கருவிகளை நிறுத்தியே ஆக வேண்டும்.